காட்டில் ஓர் இரவுக்கு விண்ணப்பம்

ஏற்காட்டுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்ததுமே முதலில் கேட்கப்படுவது ரூம் கிடைக்குமா என்பதுதான். மழை எப்போது விடும், காப்பி எப்போது பூக்கும், சேர்வராயன் கோயில் திருவிழா எந்தத் தேதியில் வருகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும். பலருக்கு வருவதும் இல்லை. ரூம் கிடைத்துவிட்டால் பயணத்துக்குத் திட்டம் போட்டாகிவிட்டது. கிடைக்காவிட்டால் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுவது என்று ஆகிறது. சேலத்துக்காரர்களுக்கு அது சுலபம். பைக்கில் பின்னால் ஒருத்தரை உட்கார்த்திக்கொண்டு ஏறி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, பகோடா பாயிண்ட்டில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுவார்கள். சென்னைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்த ரயில்கூட மலையேறுவதில்லை. ஈரோட்டுக்குப் போகிற வழியில் விடியற்கால இருட்டில் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டுப் போய்விடும். அந்த நேரத்தில் தோளில் பையும் தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளுமாக நிற்கும் குடும்பத்துக்கு மேலே எங்காவது ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

ஏழைகளின் ஊட்டி என்று ஏற்காட்டுக்கு ஒரு பட்டம் உண்டு. மே மாதக் கோடை விழாவுக்கு வந்த கூட்டம் ஏரிக்கரையில் நெருக்கியடிக்கும் சனிக்கிழமையன்று ஒரு ரூமின் வாடகையை விசாரித்துப் பார்த்தால், பட்டம் கொடுத்தவர் எந்த ஏழையை மனத்தில் வைத்திருந்தார் என்று யோசனை வரும். பகலில் ஏற்காடு இன்னமும் ஏழைகளுடையதுதான். பஸ் டிக்கெட், பூங்காவுக்குக் கொஞ்சம் சில்லறை, கட்டிக்கொண்டு வந்த புளிசாதம், அவ்வளவு போதும். இரவு என்று வரும்போதுதான் மலை ஆளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பிக்கிறது.

ஏரிக்கரையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. 1971இல் தொடங்கிய இந்தக் கழகம், பள்ளி ஆசிரியரும் குமாஸ்தாவும் பெண்டாட்டி பிள்ளைகளோடு போய்த் தங்குகிற மாதிரி மலை ஊர்களில் கட்டில் போட்டது. அரசு ஓட்டல் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். அதைத் தவிர தனியார் ஓட்டல்கள், எஸ்டேட் பங்களாக்கள், மாடியை ஹோம்ஸ்டே ஆக்கிய வீடுகள், சமீப வருடங்களில் காப்பித் தோட்டத்துக்குள் கூடாரம் அடித்து வாடகைக்கு விடுகிறவர்கள். இவை எல்லாமே ஊருக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் இருப்பவை. காடு இருப்பது வேறு இடத்தில்.

மலையின் மேல்பரப்பைக் காப்பி எடுத்துக்கொண்டு இருநூறு வருடம் ஆகிவிட்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கிரேஞ்ச் தோட்டத்தில் காப்பி நட்டதிலிருந்து அந்தக் கணக்கு. ஆகவே மேலே போய்க் காட்டைத் தேடினால் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் அடியில் காப்பிச் செடியும்தான் கண்ணில் படும். காடு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சரிவில். சேர்வராயன் தெற்கு, சேர்வராயன் வடக்கு என்று வனச்சரகங்களாகப் பிரித்துக் காப்புக்காடாக வைத்திருக்கும் சரிவு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெயில் தணியும். உசிலையும் வேலமும் முள்ளுமாகத் தொடங்கி, நடுவில் மூங்கிலாகி, உச்சியை நெருங்கும்போது நிழல் தட்டும். இத்தனை மாற்றமும் அந்தச் சரிவுக்குள்தான் நடக்கிறது. அடிவாரத்திலிருந்து மேலே போகிற ஒரு மணி நேரத்துக்குள் நாம் இதைத் தாண்டிவிடுகிறோம், பெரும்பாலும் வளைவை எண்ணிக்கொண்டு. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று என்று கத்துவார்கள். யாராவது ஒருவர் பாலிதீன் பையைத் தேடுவார். வளைவுச் சுவரில் குரங்குகள் காத்திருக்கும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் பழைய நுழைவாயில் வளைவு நிற்கிற அதே ஏற்காடு ரோட்டில் நேராக வந்தால் அடிவாரம். ஏறுகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பதும், இறங்கி வந்த வேன்களில் பிரேக் வாடை வீசுவதும், டிரைவர்கள் டீ குடிப்பதும் அங்கேதான். தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். உள்ளங்கை அகலத் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, பச்சைச் சட்னி ஒரு தீற்று, சிவப்புச் சட்னி ஒரு தீற்று, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் ஒரு சிட்டிகை, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அந்த அழுத்தில் அடி வடை விரிசல் விட வேண்டும், உடையக் கூடாது. சேலத்தில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. தட்டு காலியாகும் நேரத்தில் வனத்துறை செக்போஸ்ட்டில் உங்கள் முன்னால் நிற்கும் காரின் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது; மலையில் அதைக் கொஞ்சம் கெடுபிடியாகவே பார்க்கிறார்கள். டிக்கியில் பாட்டில் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு உண்டு.

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் நாம் நுழைவது ஓர் அந்நிய நிலம். ரோடு மட்டும் நமக்கு. வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சுவரைத் தாண்டி நாலு அடி உள்ளே போனால் அத்துமீறல். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதையும் தீ மூட்டுவதையும் குற்றமாக்கிய சென்னை வனச் சட்டம் 1882ஆம் வருடத்தது. பெயரைத் தமிழ்நாடு வனச் சட்டம் என்று மாற்றிக்கொண்டு இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. மரமும் விறகும் சந்தனமும் வருமானமாக இருந்த காலத்தில் எழுதிய சட்டம் அது. அதன் கண்ணுக்குக் காட்டில் நடமாடுகிறவர்கள் மூன்று பேர்: அதிகாரி, காண்ட்ராக்டர், திருடன். ஆடு ஓட்டிப் போகிறவனைக்கூட இந்த மூன்றில் ஒன்றாகத்தான் அது புரிந்துகொண்டது. மரத்தடியில் சும்மா உட்காரவும் ராத்திரி எப்படி இருக்கும் என்று பார்க்கவும் ஒருவன் வருவான் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

காட்டுக்குள் கூரை எழும்பியதும் அதிகாரிக்காகத்தான். வனத்துறைக்கு ஓய்வு விடுதி, பொதுப்பணித் துறைக்கு ஐ.பி. என்ற ஆய்வு பங்களா, தாலுகா ஊர்களில் டி.பி. என்ற பயணியர் பங்களா என்று பழைய சென்னை மாகாணம் முழுக்கக் கட்டினார்கள். ஒரு பகல் குதிரையில் போனால் இரவுக்கு ஒன்று தென்படும் கணக்கில் பல பாதைகளில் இவை அமைந்தன. ஆளுயரத்துக்கு மேலே ஜன்னல், அகன்ற தாழ்வாரம், கணப்பு, கால் நீட்டிச் சாய்கிற பிரம்பு நாற்காலி, வந்தவர் பெயரும் பதவியும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம். சமையற்கட்டு தனியாகப் பின்னால். காவலாளியின் குடும்பம் அதற்கும் பின்னால். கட்டடத்தின் அமைப்பிலேயே யார் வருவார், யார் சூடான தண்ணீர் தூக்கிவருவார் என்பது எழுதியிருக்கும். வெள்ளைக்காரர்கள் போய் எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பதவிக் கட்டம் போகவில்லை.

எங்கோ ஒரு மலை மாவட்டத்தில், ஊர் பேர் வேண்டாம், காட்டு விடுதி ஒன்றில் ஒரு ராத்திரி தங்க அனுமதி கேட்டுப் போயிருந்தேன். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். தாளைப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே யாருடைய கையெழுத்தும் இல்லை.

“யாரு சொல்லி வந்தீங்க சார்?”

“யாரும் சொல்லலைங்க. நானாத்தான்.”

“எந்த டிபார்ட்மெண்ட்டு?”

“டிபார்ட்மெண்ட்டெல்லாம் இல்லைங்க. குடும்பத்தோட வரலாம்னு.”

“அய்யா கேம்ப் வர்றாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. பாத்துட்டுச் சொல்றேன்.”

“எப்ப வர்றாங்க?”

“அது எப்படிங்க தெரியும்?”

அவர்மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. வரலாம் என்ற பேச்சு இருக்கும்வரை படுக்கையை விரித்துப் பூட்டி வைத்திருப்பதுதான் அவர் வேலை. ரூம் காலியாகத்தான் இருந்திருக்கும். காலியாக இருப்பதும் அந்த ரூமின் உபயோகங்களில் ஒன்று. இப்படிப்பட்ட ஊரில் காட்டுக்குள் தங்கத் திட்டம் போடுவது என்றால் தேதியைப் பார்ப்பதல்ல, தெரிந்தவரைப் பார்ப்பது. மச்சானின் நண்பர் ரேஞ்சராக இருந்தால் பௌர்ணமியன்று தாழ்வாரத்தில் உட்காரலாம். இல்லாவிட்டால் இல்லை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஸ்டேட் பார்க்கில் இடம் பிடிப்பது வேறு விதம். மாநில அரசு நடத்தும் பூங்கா. ஆனால் பூங்கா என்றதும் நம் மனத்தில் வருகிற புல்தரையும் சறுக்குமரமும் இல்லை, ஏக்கர் ஏக்கராகக் காடும் ஏரியும். பல பூங்காக்களில் ஓட்டல் மாதிரி ஒரு லாட்ஜ் இருக்கும். தனித்தனி மரவீடுகள் இருக்கும், அடுப்பும் பாத்திரமும் சேர்த்து. அவற்றைக் கேபின் என்கிறார்கள். அதுவும் கட்டுப்படியாகாதவனுக்குக் கூடாரம் அடிக்க எண் போட்ட இடம், பக்கத்தில் குழாய், கழிப்பறை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். பல மாதம் முன்னதாகவே பதிவு திறக்கிறது. திறந்த நிமிடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கிறது. சிபாரிசு செல்லாது, விரல் வேகம் செல்லும். அதிலும் அநியாயம் உண்டுதான். ஆனாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

இந்த வீடுகளில் கணிசமானவற்றைக் கட்டியது பசி. 1930களின் பெருமந்தத்தில் வேலையில்லாமல் திரிந்த இளைஞர்களை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933இல் ஒரு படையாகத் திரட்டினார். 1942 வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதில் சேர்ந்து வேலை செய்தார்கள். மரம் நட்டார்கள், தீ அணைத்தார்கள், பாதை வெட்டினார்கள், கல்லாலும் கட்டையாலும் கேபின் கட்டினார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். இன்றைக்கும் பல மாநிலங்களில் வாடகைக்கு விடுவது அந்தப் பையன்கள் கட்டிய வீடுகளைத்தான். பஞ்ச காலத்தில் நம் ஊரில் ஏரி வெட்டியதும் ரோடு போட்டதும் அதே மாதிரி கூலிக்குத்தான். அந்தக் கூலி வேலையில் காட்டுக்குள் ஏழைக்கு ஒரு திண்ணை கட்டலாம் என்ற எண்ணம் மட்டும் இங்கே யாருக்கும் வரவில்லை.

அதற்காக அந்த ஊரைக் கும்பிட வேண்டியதில்லை. 1864இல் லிங்கன் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பொதுமக்கள் உபயோகத்துக்கென்று கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்தபோது அங்கே பூர்வகுடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பொதுமக்கள் வர வர அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றப்பட்டார்கள். தெற்கு மாநிலங்களின் பூங்காக்களில் கறுப்பர்களுக்கு வெகுகாலம் இடமில்லை. வர்ஜீனியா 1950இல் அவர்களுக்கென்று தனியாக ஒரு பூங்கா திறந்தது. பொது என்று பலகை வைத்தாலும் அந்தப் பொதுவுக்குள் யார் யார் என்பதை அவர்களும் சண்டை போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு தூரம் போகாமலும் இதைப் பார்க்கலாம். இலங்கையில் யாலவிலும் வில்பத்துவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்களைக் குடிமக்கள் பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டு அரிசி பருப்போடு போய்த் தங்குகிறார்கள். நம் மாநிலத்திலேயே டாப்ஸ்லிப்பிலும் முதுமலை தெப்பக்காட்டிலும் முண்டந்துறையிலும் வனத்துறை விடுதிகளில் பொதுமக்கள் தங்கலாம். மூன்றும் புலிகள் காப்பகம். புலி உலவும் காட்டில் கட்டில் இருக்கிறது. புலியும் யானையும் இல்லாத, காட்டெருமை மட்டும் கொஞ்சம் பயமுறுத்துகிற சேர்வராயன் சரிவில் ஒரு துணிக்கூடாரத்துக்கு இடமில்லை. புலிக்குப் புகழ் உண்டு, புகழுக்குப் பின்னால் பட்ஜெட் வரும். சேலத்துக்குப் பக்கத்து உசிலங்காட்டுக்கு அந்த யோகம் இல்லை.

சேலம் மாவட்டத்திலேயே இதற்குக் கிட்டத்தில் வருவது ஆத்தூர் பக்கம் கல்வராயன் மலையடியில் உள்ள ஆனைவாரி முட்டல். ஏரி, படகு, கொஞ்ச தூரம் காட்டுக்குள் போனால் அருவி, தங்குவதற்குக் குடில்கள். வனத்துறையும் உள்ளூர் கிராம மக்களும் சேர்ந்து நடத்துகிற ஏற்பாடு. 2021 அக்டோபரில் அந்த அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து கைக்குழந்தையோடு ஒரு தாய் பாறையில் மாட்டிக்கொண்டதையும், இளைஞர்கள் வழுக்குப் பாறையில் ஏறி இருவரையும் மீட்டதையும் எல்லோரும் செல்போனில் பார்த்தோம். மேலே மலையில் பெய்த மழை கீழே வெயிலில் குளிக்கிறவனுக்குத் தெரியாது. காட்டுக்குள் ஆளை விட மறுக்கிற அதிகாரியின் மனத்தில் இந்த மாதிரி ஒரு படம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதைவிடப் பெரிய படம் குரங்கணி. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டத்து மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, நடைப்பயணம் போனவர்களைச் சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பணம் கட்டலாம். மலைக்கிராம இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாகக் கூடவே அனுப்புகிறார்கள். தீ பிடிக்கும் பருவத்தில், பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் பாதி வரை, பாதைகளை மூடிவிடுகிறார்கள். சேலம் அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறுகிற வழியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. காலங்காலமாக மலைக்காரர்கள் தலைச்சுமையோடு ஏறி இறங்கும் பகுதி அது. 1882க்குப் பிறகு இந்தச் சரிவில் சாதாரண ஆளைப் பார்த்து 'யார் சொல்லி வந்தீர்கள்' என்று கேட்காமல் 'எந்தத் தேதி வேண்டும்' என்று வனத்துறை கேட்டிருக்கிறது. சின்ன விஷயமில்லை. ஆனால் எல்லாம் பகல் நடை. சூரியன் இறங்குவதற்குள் நாமும் இறங்கிவிட வேண்டும்.

இரவுக்கு ஏன் இத்தனை வக்காலத்து என்று கேட்கலாம். பகலில் காடு நம்மைக் கண்டு ஒதுங்கி நிற்கிறது. நாம் போன பிறகுதான் அது தன் வேலையைத் தொடங்குகிறது. பக்கி கத்துவதும் மரநாய் கிளை மாறுவதும் சரிவில் காட்டெருமை மூச்சு விடுவதும் விளக்கு அணைந்த பிறகு. சேலம் முழுக்க மின்விளக்காகக் கீழே பரவிக் கிடப்பதை லேடீஸ் சீட்டில் நின்று பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்கும். அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபக்கத்து இருட்டைப் பார்ப்பதற்கு ஏற்பாடில்லை. ஒரு தடவை அப்படி ஓர் இரவைக் கழித்த பிள்ளை காட்டுத்தீ செய்தியை வேறு மாதிரி படிக்கும் என்பது என் நம்பிக்கை. நிரூபிக்க முடியாது.

காப்பித் தோட்டத்துக் கூடாரங்கள் இந்த ஏக்கத்தைத்தான் விற்கின்றன. அப்படி ஒன்றில் நானும் படுத்திருக்கிறேன். சரிவை வெட்டிப் படியாக்கி, பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்து, அதன்மேல் வரிசையாகக் கூடாரம். மரத்துக்கு மரம் சீரியல் பல்பு. நடுவில் கேம்ப் ஃபயர் என்று விறகைக் குவித்துப் பற்றவைத்தார்கள். தோட்டம் தனியாருடையது என்பதால் யாரும் கேட்பதற்கில்லை. ஸ்பீக்கரில் பத்தரை வரைக்கும் பாட்டு. பக்கத்துக் கூடாரத்துப் பையன் அம்மாவிடம், “எப்பம்மா காட்டுக்குப் போவோம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். “இதுதான்டா காடு, படு” என்று அவள் சொன்னாள். பாட்டு நின்ற பிறகும் விளக்கை அணைக்கவில்லை. அணைத்தால் லேடீஸ் பயப்படுவார்கள் என்றார் மேனேஜர். கேட்ட வாடகைக்கு ஊருக்குள் இரண்டு ரூம் எடுத்திருக்கலாம்.

நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, கொட்டச்சேடு, வாழவந்தி, மாரமங்கலம் என்று சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள் பரந்து கிடக்கின்றன. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்டது. சேர்வராயன் அவர்கள் தெய்வம், அது குடியிருக்கிற குகை இருப்பது மலையின் உச்சியில். காட்டைக் காட்டாகவே, ஆளில்லாததாகவே பார்க்க ஆசைப்படும் நம்மைப் போன்றவர்கள் ஏற்பாடு செய்யும் எந்த முகாமும் முதலில் இவர்கள் வீட்டு வாசலைத்தான் மிதிக்கும். 2006ஆம் வருட வன உரிமைச் சட்டம் காட்டின்மேல் இவர்களுக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. யோசெமிட்டியில் நடந்தது இங்கே நடக்காமலிருக்க, இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் வேண்டாமென்று சொல்வதும் கிராமசபையின் கையில் இருக்க வேண்டும். சுற்றுலா என்று வந்தால் மலைக்காரர்களுக்குக் கிடைப்பது இப்போதைக்கு ஓட்டல்களில் துணி துவைக்கிற வேலையும் ரோட்டோரம் கொய்யாவும் பட்டர் ஃப்ரூட்டும் விற்கிற வேலையும்தான். விருந்தாளியை வரவேற்கிற வேலை கிடைத்ததில்லை.

அடிவாரத்து டீக்கடையில் அறிமுகமான வனத்துறை வாட்சர் ஒருவரிடம் இந்த யோசனையை விரித்துச் சொன்னேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், முழங்கையில் பழைய தீக்காயம். சரிவில் தண்ணீர் வசதியுள்ள இடமாகப் பார்த்துப் பத்துக் கூடாரம். நெருப்பு மூட்டக் கூடாது. சாப்பாடு பக்கத்து ஊர்ப் பெண்கள் குழுவிடமிருந்து. ஐப்பசி கார்த்திகையில் மண் சரியும் என்பதால் மூடிவிடலாம், மாசி பங்குனியில் தீ என்பதால் மூடிவிடலாம், தை மாதத்திலும் ஆடி ஆவணியிலும் மட்டும் திறக்கலாம். முன்பதிவு இணையத்தில், குடும்பத்துக்கு ஓர் இரவு, எந்த அய்யாவுக்கும் முன்னுரிமை கிடையாது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

“பங்குனியில ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும் சார், எரியுதுன்னு. தழையை ஒடிச்சுக்கிட்டு ஏறுவோம். தழைதான் எங்களுக்கு மிஷின். நீங்க சொல்ற மாசத்துல தீ இல்ல, சரி. ஆனா நீங்க தூங்க வர்றீங்க. முழிச்சிருக்கப்போறது யாரு?”

இரவுப்படி கொடுத்து ஆள் போடலாம், வழிகாட்டிப் பையன்களையே முறை வைத்துப் போடலாம் என்றேன்.

“படி எழுதுவாங்க. வர்றதுக்கு ஆறு மாசம் ஆகும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “கக்கூஸ் யார் சார் கழுவுவா?” என்றார்.

பத்துக் கூடாரம் என்றால் ஓர் இரவுக்கு முப்பது நாற்பது பேர். சரிவில் குழி தோண்டினால் கசிவு நேரே ஓடைக்குப் போகும். ஓடை கீழே ஊருக்குப் போகும். ஆகவே தொட்டி கட்ட வேண்டும், நிரம்பினால் லாரி வர வேண்டும், தினமும் ஒருவர் உள்ளே போய்த் தேய்க்க வேண்டும். நம் ஊரில் அந்த ஒருவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது டீக்கடையில் இருந்த எங்கள் இருவருக்கும் தெரியும். பழைய பங்களாவில் காவலாளி வீட்டுக்கும் பின்னால் அவருக்கு ஒரு வாசல் விட்டிருந்தார்கள். வனத்துறைக்கு எழுதப்போகிற விண்ணப்பத்தில் நான் முதல் வரியாக அந்த வேலையைத்தான் போடப்போகிறேன்: நிரந்தரப் பணி, என்ன சம்பளம், எந்தத் தேதியில் கைக்கு வரும், என்ன சாதனம் கொடுப்பார்கள். கூடாரம் எந்த மரத்தடியில் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.